புரோட்டான்–ஈய மோதல்: கோட்பாட்டு வளைகோட்டைச் சோதனைத் தரவோடு ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

வேலூர் சத்துவாச்சாரியில் ஒரு வீட்டு மாடியில், முதுகலை இயற்பியல் மாணவர்கள் நான்கு பேரோடு சனிக்கிழமைதோறும் உட்கார்ந்து, செர்னின் பெரும் ஹாட்ரான் மோதுவியில் நடந்த புரோட்டான்–ஈய மோதல்களின் தரவைக் கோட்பாட்டுக் கணிப்புகளோடு ஒப்பிடும் வேலையைத் தொடக்கம் முதல் முடிவு வரை செய்து பார்த்தோம். முதல் வரைபடம் இரண்டு மணி நேரத்தில் வந்துவிட்டது; அதிலிருந்த தவறுகளைக் களைய ஆறு வாரம் ஆயிற்று. அந்த ஆறு வாரத்தில் கண்ட விலகல்களில் ஒன்றுகூட இயற்பியலால் வந்ததில்லை. சோதனைக்குழு அளந்தது ஒன்று, நாங்கள் கணக்கிட்டது இன்னொன்று என்பதே எல்லாவற்றுக்கும் காரணம். அதனால்தான் இங்கே கோட்பாட்டைத் தேர்ந்தெடுக்கும் படி ஐந்தாவதாக வருகிறது.

எடுத்துக்காட்டாக 5.02 டெரா எலக்ட்ரான் வோல்ட் (இனி டிஇவி) ஆற்றலில் மின்னூட்டத் துகள்களின் இரண்டு அளவீடுகளைக் கொள்வோம்: சூடோரேப்பிடிட்டிப் (துகள் கற்றையோடு செய்யும் கோணத்தைக் குறிக்கும் எண்) பரவல் ஒன்று, புரோட்டான்–புரோட்டான் மோதலோடு ஒப்பிட விளைச்சல் எவ்வளவு மாறியது என்று சொல்லும் அணுக்கரு மாற்றக் காரணி மற்றொன்று. இவ்விரண்டையும் சரியாகச் செய்யத் தெரிந்தவர் டி மெசானுக்கும் (சார்ம் குவார்க் கொண்ட துகள்) ஜெட்டுக்கும் (ஒரே திசையில் பீறிடும் துகள் கூட்டம்) அதே வரிசையில் போகலாம்.

1. கையில் இருக்க வேண்டியவை

லினக்ஸ் நிறுவிய மடிக்கணினி ஒன்று போதும். மோதல்களைக் கணினியில் உருவாக்க பித்தியா 8-உம் அதனுள் அணுக்கரு மோதலுக்கென உள்ள அங்காந்திர் பகுதியும், உருவான நிகழ்வுகளைச் சோதனைக் கட்டுரையின் விதிப்படி எண்ண ரிவெட்டும், பார்ட்டான் பரவல்களை (புரோட்டானுக்குள் குவார்க்கும் குளுவானும் உந்தத்தைப் பங்கிட்டிருக்கும் விதம்) படிக்க எல்ஹெச்ஏபிடிஎஃப் நூலகமும், படம் வரையப் பைத்தானும் வேண்டும். தரவை, சோதனை முடிவுகளின் எண்களைச் சேமித்துவைக்கும் ஹெப்டேட்டா தளத்திலிருந்து அட்டவணையாகவே இறக்க வேண்டும். கட்டுரையின் படத்திலிருந்து புள்ளிகளைக் குறித்தெடுத்தால் மைய மதிப்பு கிடைக்கும். புள்ளிவிவரப் பிழையும் முறைசார் பிழையும் தனித்தனியாகக் கிடைக்காது, அவை இல்லாமல் எட்டாம் படி நடக்காது.

நிகழ்வுகளை ஹெப்எம்சி என்ற வடிவக் கோப்பாகச் சேமித்தால் வட்டு விரைவில் நிரம்பிவிடும். லினக்ஸின் பெயரிட்ட குழாய் (named pipe) ஒன்றை உருவாக்கி, பித்தியாவின் வெளியீட்டை நேரே ரிவெட்டுக்குள் செலுத்திவிட்டால் எதையும் சேமிக்க வேண்டியதில்லை.

ஓட்டத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிப்பதும் முன்னேற்பாட்டில் அடங்கும். கத்திரி வெயில் நாளொன்றில் பத்து லட்சம் நிகழ்வுகளை ஒரே ஓட்டமாக விட்டிருந்தோம். மாலையில் மின்சாரம் போய், பழைய பேட்டரியும் கைவிட்டு, ஒன்றும் மிஞ்சவில்லை. மறுவாரம் ஐம்பதாயிரம் வீதம் இருபது துண்டுகளாக ஓட்டினோம், அதில் வேறொரு தவறு நேர்ந்தது. மூன்றாவது துண்டையும் ஏழாவது துண்டையும் அடுத்தடுத்துத் திறந்த மாணவி, இரண்டிலும் முதல் நிகழ்வின் துகள் எண்ணிக்கை ஒன்றாகவே இருப்பதையும், முதல் பயானின் உந்தம் ஆறாவது தசம இடம் வரை ஒத்துப்போவதையும் காட்டினார். இருபது துண்டுகளுக்கும் ஒரே சீட் எண்ணை (தற்போக்கு எண் வரிசையைத் தொடங்கிவைக்கும் எண், seed) கொடுத்திருந்தோம். இருபதைக் கூட்டியபோது புள்ளிவிவரப் பிழை நான்கரை மடங்கு குறைந்ததாகத் தெரிந்தது. உண்மையில் கையில் இருந்தவை ஐம்பதாயிரம் நிகழ்வுகள் மட்டுமே. துண்டு எண்ணையே சீட்டாக வைத்துக்கொள்வது எளிய வழி.

2. வரையறைத் தாளை எழுதுதல்

கணினியைத் தொடுவதற்கு முன் சோதனைக் கட்டுரையைப் படித்து ஒரு பக்கத் தாளில் ஐந்து கேள்விகளுக்கு விடை எழுத வேண்டும்: எந்த நிகழ்வுகள், எந்தத் துகள்கள், எந்தச் சட்டகம் (ஆய்வகமா, நிறைமையமா), எதனால் வகுத்தது, எந்தெந்தப் பிழைகள். இந்தத் தாள் முடியாமல் எங்கள் மாடியில் யாரும் நிரலைத் திறக்கக் கூடாது என்று பிறகு விதி வைத்துக்கொண்டோம்.

முதல் கேள்வியில் வழுக்கும் இடம் விரிமோதல்கள் (diffraction; மோதும் இரண்டில் ஒன்று மட்டுமே உடைந்தால் ஒற்றை விரிமோதல்). பெரும் ஹாட்ரான் மோதுவியின் சோதனைக்குழுக்களில் ஒன்றான ஆலிஸ், 5.02 டிஇவி-யில் நடு ரேப்பிடிட்டியில் (ரேப்பிடிட்டி: கற்றைத் திசையில் துகளின் வேகத்தைக் குறிக்கும் எண்; நடு என்பது அது சுழிக்கு அருகே) வெளியிட்ட 16.81, கூட்டல் கழித்தல் 0.71 என்ற துகள் அடர்த்தி, ஒற்றை விரிமோதல் நீங்கிய நிகழ்வுகளுக்கு உரியது. அனைத்து மீட்சியற்ற நிகழ்வுகளாலும் வகுத்த கணிப்பை அதன் மேல் வைத்தால், வகுக்கும் எண் பெரிதாகி வளைகோடு சற்றுத் தாழும். புதியவர் அதைப் பார்த்துவிட்டு அணுக்கரு நிழலாக்கம் (அணுக்கருவுக்குள் பார்ட்டான்கள் குறைந்து தெரிவது) என்று குறிப்பெழுதிவிடுவார்.

இரண்டாம் கேள்வி இன்னும் நுட்பமானது. 'முதன்மைத் துகள்' என்று ஆலிஸ் குறிப்பது, சராசரி ஆயுளை ஒளிவேகத்தால் பெருக்கினால் 1 சென்டிமீட்டருக்கு மேல் வரும் துகள்களை. அவையும் நேரடியாகவோ அதைவிடக் குறுகிய ஆயுளுள்ளவற்றின் சிதைவிலோ பிறந்திருக்க வேண்டும். லாம்டாவும் நடுநிலைக் குறு கேயானும் இக்கணக்கில் சிதையாதவை. அவற்றிலிருந்து வரும் பயான்கள் சேரா. பித்தியாவில் ஆயுள் வரம்பை இயக்கி 10 மில்லிமீட்டர் என்று வைத்தால் இது நிறைவேறும். வரம்பை இயக்க மறந்தால் துகள் எண்ணிக்கை கூடும், குறிப்பாகக் குறைந்த உந்தப் பகுதியில். எங்கள் பக்கத்தில் மல்லாட்டையைத் தோலோடு நிறுத்தும் விற்பார்கள், உரித்த பருப்பாக நிறுத்தும் விற்பார்கள். மூட்டையின் எடையை மட்டும் சொல்லி விலை கேட்டால் மண்டிக்காரர் முதலில் கேட்பது எதை நிறுத்தீர்கள் என்பதைத்தான். நாமும் ஒவ்வொரு கட்டுரையிடமும் அதையே கேட்க வேண்டும், ஏனெனில் வெவ்வேறு குழுக்கள் வெவ்வேறு ஆயுள் வரம்பை வைத்துக்கொண்டிருக்கின்றன.

3. சட்டகத்தைச் சரிசெய்தல்

புரோட்டான்–புரோட்டான் மோதலில் பழகியவர் தவறாமல் இடறும் படி இது. மோதுவியின் காந்தங்கள் இரு கற்றைகளையும் ஒரே காந்த விறைப்பில் (உந்தத்தை மின்னூட்டத்தால் வகுத்தது) வைத்திருக்கும். ஆகவே புரோட்டான் 4 டிஇவி ஆற்றலில் ஓடும்போது, 208 நியூக்ளியான்களில் 82 மட்டுமே மின்னூட்டம் கொண்ட ஈயத்தின் ஒவ்வொரு நியூக்ளியானும் 4 × 82 ÷ 208, அதாவது 1.58 டிஇவி ஆற்றலில்தான் வரும். இவ்விரண்டின் பெருக்கலுக்கு வர்க்கமூலம் எடுத்து இரட்டித்தால் 5.02 கிடைக்கும். ஆற்றல்கள் சமமாக இல்லாததால் நிறைமையச் சட்டகம் ஆய்வகத்தில் நகர்ந்துகொண்டிருக்கிறது. 208 ÷ 82 என்பதன் இயல் மடக்கையில் பாதி, 0.465, அந்த நகர்வின் ரேப்பிடிட்டி; திசை, புரோட்டான் செல்லும் திசை.

இது கட்டுரைக்குக் கட்டுரை மாறாது, ஏனெனில் விகிதம் மின்னூட்டத்தையும் நிறையெண்ணையும் மட்டுமே சார்ந்தது, 2016-இல் 8.16 டிஇவி-யில் நடந்த ஓட்டத்திலும் அதே 0.465-தான். மாறுவது குறி. ஓட்டத்தின் நடுவே கற்றைகளின் திசையை மாற்றுவார்கள். ஒரு கட்டுரை புரோட்டான் செல்லும் பக்கத்தை நேர் என்று கொள்ளும், இன்னொன்று ஈயம் செல்லும் பக்கத்தை நேர் என்று கொள்ளும். ஆலிஸின் மியூவான் அளவி ஆய்வகச் சட்டகத்தில் 2.5 முதல் 4 வரையான ரேப்பிடிட்டியைப் பார்க்கிறது. புரோட்டான் அதை நோக்கி வரும்போது அது நிறைமையத்தில் 2.03 முதல் 3.53 வரை, கற்றை மாறினால் −4.46 முதல் −2.96 வரை. இந்த நான்கு எண்களையும் தாளில் தாமே கணக்கிட்டுப் பெறாதவரை மாணவர்களை அடுத்த படிக்கு நான் விடுவதில்லை.

எங்கள் இரண்டாவது வரைபடத்தில் தரவின் வடிவமும் கணிப்பின் வடிவமும் ஒன்றாகவே இருந்தன, ஆனால் பக்கவாட்டில் விலகியிருந்தன. ஒரு மாணவர் கணிப்பை மெல்லிய தாளில் அச்செடுத்து, தரவுப் படத்தின் மேல் வைத்து நகர்த்திப் பார்த்தார், ஏறத்தாழ 0.93 நகர்த்தியதும் இரண்டும் பொருந்தின. 0.93 என்பது 0.465-இன் இரு மடங்கு. நகர்த்த வேண்டிய திசைக்கு எதிர்த்திசையில் நகர்த்தியிருந்தோம்.

இன்னொரு எச்சரிக்கை: நகர்த்தல் ரேப்பிடிட்டிக்கே துல்லியமாகப் பொருந்தும், சூடோரேப்பிடிட்டிக்குப் பொருந்தாது. குறைந்த உந்தமுள்ள புரோட்டானுக்கு இரண்டும் வெகுவாக வேறுபடும். ஆகவே கணக்கிட்டு முடித்த பரவலை நகர்த்தக் கூடாது. நிகழ்வை உருவாக்கும்போதே 4 டிஇவி, 1.58 டிஇவி என்ற உண்மையான கற்றை ஆற்றல்களைக் கொடுத்து, ஆய்வகச் சட்டகத்திலேயே எண்ண வேண்டும்.

4. பின்னத்தின் பகுதியில் என்ன இருக்கிறது என்று பார்த்தல்

அணுக்கரு மாற்றக் காரணி ஒரு பின்னம். தொகுதியில் புரோட்டான்–ஈய மோதலின் விளைச்சல். பகுதியில் புரோட்டான்–புரோட்டான் மோதலின் அளவை மோதல் எண்ணிக்கையால் பெருக்கியது. கோட்பாட்டாளர் தொகுதியைப் பற்றியே பேசுவார். பெரும்பாலான சிக்கல் பகுதியில் இருக்கும்.

பெருக்கும் எண்ணை இரு வழியில் எழுதலாம். குறுக்குவெட்டுகளை (மோதல் நிகழும் வாய்ப்பைப் பரப்பாகச் சொல்வது; அலகு பார்ன்) ஒப்பிட்டால் 208-ஆல் வகுக்க வேண்டும். ஒரு நிகழ்வுக்கான விளைச்சல்களை ஒப்பிட்டால் சராசரி இருமை மோதல் (நியூக்ளியானும் நியூக்ளியானும் மோதுவது) எண்ணிக்கையால் வகுக்க வேண்டும்: நியூக்ளியான் இணையின் மீட்சியற்ற குறுக்குவெட்டு 70 மில்லிபார்ன், புரோட்டான்–ஈயத்துக்கு ஏறத்தாழ 2.1 பார்ன், 208 × 70 ÷ 2100 என்பது 6.9. இரண்டு வழியும் ஒன்றே, கலக்காதவரை. விளைச்சலை எடுத்துக்கொண்டு 208-ஆல் வகுத்தவரின் வளைகோடு முப்பது மடங்கு கீழே கிடக்கும். இது பெரிய தவறு என்பதால் உடனே கண்ணில் படும், அதனால் ஆபத்துக் குறைவு.

ஆபத்து அதிகமானது புரோட்டான்–புரோட்டான் அடிப்படை எங்கிருந்து வந்தது என்பதில் இருக்கிறது. 2013-இல் புரோட்டான்–ஈய ஓட்டம் நடந்தபோது 5.02 டிஇவி-யில் புரோட்டான்–புரோட்டான் தரவே கிடையாது; 2.76, 7 டிஇவி போன்ற பிற ஆற்றல்களின் அளவீடுகளை இடைமதிப்பிட்டே அடிப்படை கட்டினார்கள். அப்படிக் கட்டிய அடிப்படையோடு மோதுவியின் இன்னொரு சோதனைக்குழுவான சிஎம்எஸ்ஸின் முதல் முடிவில் உயர் குறுக்கு உந்தத்தில் (கற்றைக்குச் செங்குத்தான உந்தம்) காரணி 1.3-க்கு மேல் ஏறிற்று, எந்த அணுக்கருப் பார்ட்டான் பரவலும் அவ்வளவு உயர்வைத் தராது. 2015 இறுதியில் 5.02 டிஇவி புரோட்டான்–புரோட்டான் ஓட்டம் நடந்து, அளந்த அடிப்படை கைக்கு வந்தபின் அந்த உபரியில் பெரும்பகுதி கரைந்தது. ஆகவே கட்டுரையின் ஆண்டைப் பார்ப்பதோடு நில்லாமல், அடிப்படை அளந்ததா, இடைமதிப்பிட்டதா என்று தாளில் எழுத வேண்டும். இடைமதிப்பிட்டது என்றால் அதன் பிழை புள்ளிக்குப் புள்ளி ஒன்றோடொன்று இணைந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும்.

மையத்தன்மை (மோதல் எவ்வளவு நேருக்கு நேராக நடந்தது என்பது) வாரியாகப் பிரித்த தரவைப் புதியவர்கள் முதலில் தொட வேண்டாம் என்பது என் கருத்து. ஈய–ஈய மோதலில் துகள் எண்ணிக்கைக்கும் மோதல் எண்ணிக்கைக்கும் இடையே உறவு இறுக்கமானது. புரோட்டான்–ஈயத்தில் அது தளர்ந்தது. துகள் எண்ணிக்கையால் நிகழ்வுகளைத் தேர்ந்தாலே கடினமோதல்கள் ஒரு பக்கம் சாய்ந்து தேறிவிடும். ஆலிஸ் குழு இந்தச் சாய்வை வெளிப்படையாகக் காட்டவே அக்காரணிக்கு வேறு பெயரும் எழுத்தும் வைத்தது. கணிப்பிலும் அதே அளவியின் சூடோரேப்பிடிட்டி எல்லைக்குள் துகள்களை எண்ணி, அதே விதமாக நிகழ்வுகளைப் பிரித்தாலன்றி ஒப்பீடு செல்லாது.

5. எந்தக் கோட்பாடு எந்த இடத்தில் பேசும்

ஒரே வளைகோட்டை வரைபடத்தின் முழு நீளத்துக்கும் இழுப்பது வழக்கமான தவறு. குறுக்கு உந்தம் 2 கிகா எலக்ட்ரான் வோல்ட்டுக்குக் (ஜிஇவி) கீழே, உலைவு முறைக் (perturbation) கணக்கீட்டின் ஆற்றல் அளவுகோல் மிகச் சிறிதாகிவிடுவதால் அம்முறையின் அடுத்த படிநிலைக் (next-to-leading order) கணிப்புக்கு அங்கே பொருள் இல்லை. அங்கு பித்தியா போன்ற நிகழ்வு உருவாக்கிகளே பேச வேண்டும். உயர் உந்தத்தில் அணுக்கருப் பார்ட்டான் பரவலோடு கூடிய கணிப்பு நம்பத்தக்கது.

ஈயத்துக்குள் இருக்கும் பார்ட்டானின் உந்தப் பங்கை முன்கூட்டியே தோராயமாகக் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். குறுக்கு உந்தத்தை இரட்டித்து 5020-ஆல் வகுத்தால் நடு ரேப்பிடிட்டியின் மதிப்பு வரும்: 5 ஜிஇவி-க்கு 0.002. புரோட்டான் திசையில் 3 அலகு தள்ளிப் போனால் அது இருபதில் ஒரு பங்காகி 0.0001-ஐ எட்டும். குளுவான் செறிவுக் கோட்பாட்டுக்கு (குளுவான்கள் நெருங்கி ஒன்றோடொன்று கலக்கும் நிலையை விவரிப்பது) உரிய களம் அந்தப் பக்கம். நடுவில் உயர் உந்தத்தில் அதை இழுத்து வந்து நிறுத்துவது வீண் வேலை.

பார்ட்டான் பரவல் தொகுப்பை எடுக்கும்போது இரண்டைச் சரிபார்க்க வேண்டும். முதலாவது, அந்தத் தொகுப்பு தருவது ஈயத்துக்குள் கட்டுண்ட புரோட்டானையா, 82 புரோட்டானும் 126 நியூட்ரானும் சேர்ந்த சராசரி நியூக்ளியானையா என்பது. அணுக்கருப் பார்ட்டான் பரவல் தொகுப்புகளில் ஒன்றான என்சிடெக் 15-இல் இரண்டும் தனித்தனிப் பெயரில் இருக்கின்றன. மாற்றி எடுத்தால் மின்னூட்டத் துகள்களில் பெரிதாகத் தெரியாது, ஒளியனிலும் (போட்டான்) டபிள்யூ போசானிலும் பட்டென்று தெரியும். இரண்டாவது, நீங்கள் ஒப்பிடப்போகும் தரவு அந்தத் தொகுப்பின் பொருத்தலிலேயே ஏற்கெனவே சேர்ந்திருக்கிறதா என்பது. அதேபோன்ற மற்றொரு தொகுப்பான இபிபிஎஸ் 16-இல் புரோட்டான்–ஈய மோதலின் இரட்டை ஜெட், டபிள்யூ, இசட் தரவுகளும், இபிபிஎஸ் 21-இல் அவற்றோடு எல்ஹெச்சிபி சோதனைக்குழுவின் டி மெசான் தரவும் சேர்ந்துள்ளன. டி மெசான் தரவோடு இபிபிஎஸ் 21 ஒத்துப்போகிறது என்று எழுதினால், அது முன்கூட்டிச் சொன்ன கணிப்பு ஆகாது.

6. ஒரே வடிகட்டியில் இரண்டையும் வடித்தல்

உங்கள் அளவீட்டுக்கு ரிவெட்டில் ஆயத்த நிரல் இருந்தால் அதையே பயன்படுத்த வேண்டும். இல்லையென்றால் வரையறைத் தாளை வரிக்கு வரி நிரலாக எழுத வேண்டும். கட்டங்களின் (கிடை அச்சைப் பிரிக்கும் இடைவெளிகள், bins) எல்லைகள் ஹெப்டேட்டா அட்டவணையில் உள்ளபடியே இருக்க வேண்டும். குறுக்கு உந்தப் பரவல் செங்குத்தாக விழுவதால், அகலமான கட்டத்தின் நடுப்புள்ளியில் கணக்கிட்ட மதிப்பு அந்தக் கட்டத்தின் சராசரியைவிடக் கணிசமாகக் குறையும். தரவு கட்டச் சராசரி என்பதால், கோட்பாட்டையும் கட்டத்தின் மேல் தொகையிட்டு அகலத்தால் வகுக்க வேண்டும்.

அங்காந்திர் இயல்பாகவே எடையிட்ட நிகழ்வுகளைத் தருகிறது. எடையைப் பார்க்காமல் நிகழ்வுகளை ஒன்று, இரண்டு என்று எண்ணினால் மோதல் தூரத்தின் (இரு மையங்களும் பக்கவாட்டில் விலகியிருக்கும் தொலைவு) பரவலே தவறிவிடும். சொந்தமாக நிரல் எழுதுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள்.

7. கோட்பாட்டின் பிழைப் பட்டைகள் வரைதல்

இபிபிஎஸ் 16 தொகுப்பில் 97 உறுப்புகள் (சற்றே மாறுபட்ட பரவல்கள்; மையம் தவிர மற்றவை இரண்டிரண்டாக இணைந்தவை) உள்ளன: ஒன்று மையம், 40 அணுக்கருவுக்கு, மீதி 56 அடிப்படைப் புரோட்டான் பரவலுக்கு. ஒவ்வொரு இணையிலும் மையத்துக்கு மேலே போகும் பெரிய விலகலை வர்க்கித்து, எல்லா இணைகளுக்கும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் மேல் பட்டை. கீழ்ப் பட்டைக்கும் அதே முறை. எல்லா உறுப்புகளையும் வரைந்து மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் பட்டையாகக் கொள்வது தவறு. ஒரே பரவலின் பல தற்போக்குப் பிரதிகளைத் தரும் என்என்என்பிடிஎஃப் தொகுப்புக்கு இந்தச் சூத்திரம் பொருந்தாது. அங்கே பிரதிகளின் சிதறலையே எடுக்க வேண்டும்.

இபிபிஎஸ் 16 தரும் பட்டை 90 சதவீத நம்பக எல்லைக்கு உரியது. தரவின் பிழைக்கோடுகள் வழக்கமாக 68 சதவீதம். 1.645-ஆல் வகுக்காமல் பக்கத்தில் பக்கம் வைத்தால் கோட்பாடு தேவைக்கு மேல் பெருந்தன்மையாகத் தெரியும்.

காரணியின் பின்னத்தில் பொதுவானவை ஒன்றையொன்று நீக்கிக்கொள்ளும். 41-ஆம் உறுப்பை ஈயத்துக்கு எடுத்தால், புரோட்டானுக்கும் அதற்கு இணையான சிடி 14 (இபிபிஎஸ் 16-இன் அடிப்படைப் புரோட்டான் பரவல்) உறுப்பை எடுக்க வேண்டும். கணக்கீட்டின் ஆற்றல் அளவுகோலைத் தொகுதியில் இரட்டித்தால் பகுதியிலும் இரட்டிக்க வேண்டும். தனித்தனியே மாற்றிய மாணவரின் பட்டை தரவு முழுவதையும் விழுங்கும் அளவுக்கு அகன்று, எல்லாக் கோட்பாடும் சரி என்று சொல்லிற்று.

8. ஒரே எண்ணாக்குதல்

கண்ணால் பார்த்து 'நன்றாகப் பொருந்துகிறது' என்று எழுதுவதை நான் ஏற்பதில்லை. கை-வர்க்கத்தை (chi-square; கணிப்பு தரவிலிருந்து பிழையோடு ஒப்பிட எவ்வளவு விலகுகிறது என்ற எண்) கணக்கிட வேண்டும், அதுவும் புள்ளிக்குப் புள்ளி இணைந்த பிழைகளோடு. புள்ளிவிவரப் பிழையின் வர்க்கங்களை மூலைவிட்டத்தில் வைத்து, ஒவ்வொரு இணைந்த பிழைக்கும் அதன் புள்ளிகளின் பெருக்கல்களை அணி முழுவதும் சேர்த்து, அந்த அணியைத் தலைகீழாக்க வேண்டும். எல்லாப் பிழைகளையும் புள்ளிக்குப் புள்ளி வர்க்கக் கூட்டாக அடக்கிவிட்டால், கை-வர்க்கம் சுதந்திரப் பாகை எண்ணைவிட மிகக் குறைவாக வரும். 24 புள்ளிகளுக்கு 3 என்று வந்தால் மகிழ வேண்டியதில்லை, இணைப்பை மறந்ததன் அடையாளம் அது.

மொத்த அளவையே பெருக்கும் இயல்பாக்கப் பிழையைத் தனியாக நடத்த வேண்டும். அதைத் தரவின் மதிப்போடு பெருக்கி அணியில் வைத்தால், தாழ்ந்த புள்ளிக்குச் சிறிய பிழை அமைந்து பொருத்தல் கீழ்நோக்கி இழுபடும். கோட்பாட்டின் மதிப்போடு பெருக்கி வைத்தால் அந்தச் சாய்வு வராது.

9. விலகல் எஞ்சினால் தேடும் வரிசை

தரவைக் கணிப்பால் வகுத்த விகிதத்தைக் கீழ்ப் பெட்டியில் வரைந்து அதன் வடிவத்தை முதலில் பார்க்க வேண்டும். நேர்கிடையாக, ஆனால் ஒன்றிலிருந்து விலகி நின்றால் இயல்பாக்கம்: 6.28 என்றால் இரு பை விடுபட்டது. 2 என்றால் இரு மின்னூட்டங்களைக் கூட்டியதா, சராசரி எடுத்ததா என்ற குழப்பம். 30-க்கு அருகில் என்றால் நான்காம் படிக்குத் திரும்ப வேண்டும். சூடோரேப்பிடிட்டியில் ஒரு பக்கம் ஏறி மறுபக்கம் இறங்கினால் சட்டகம். உந்தம் கூடக் கூட, அதுவும் கட்டம் அகலும் இடங்களில் மட்டும் படிப்படியாகத் தாவினால் கட்டச் சராசரி. அரை ஜிஇவி-க்குக் கீழே மட்டும் கணிப்பு மிகுந்து விகிதம் ஒன்றுக்குக் கீழே போனால் ஆயுள் வரம்பு.

இவை எல்லாம் நீங்கியபின் எஞ்சும் விலகலை மட்டுமே நிழலாக்கம், ஆற்றல் இழப்பு, கூட்டு ஓட்டம் என்ற பெயர்களால் அழைக்கலாம். எங்கள் கடைசி வரைபடத்தில் அப்படி எஞ்சியது ஓரிடந்தான்: 2 முதல் 6 ஜிஇவி வரை ஒரு மெல்லிய மேடு. அதன் உயரம் தரவின் முறைசார் பிழைக்குள்ளேயே அடங்கியது. ஆகவே மேட்டைக் குறிப்பிட்டு, காரணம் எதுவும் சொல்லாமல் விட்டோம்.

வரைபடத்தோடு கட்டளைக் கோப்பு, சீட் எண்கள், மென்பொருள்களின் பதிப்பெண்கள், ஹெப்டேட்டா பதிவின் பதிப்பெண் ஆகியவற்றையும் ஒரே உறையில் வைக்க வேண்டும். ஹெப்டேட்டா அட்டவணைகள் திருத்தம் பெற்று இரண்டாம், மூன்றாம் பதிப்பாக வெளிவருவதுண்டு. மாணவர் ஒருவரின் புள்ளிகள் மற்றவர்களுடையவற்றோடு ஒத்துவராமல் ஒரு சனிக்கிழமை முழுவதும் போனதற்கு, அவர் பழைய பதிப்பை இறக்கியிருந்ததே காரணம்.